கிழக்குப் பார்த்த வாசல்

சுவிஸில், ஃப்ரிபூர்க்கிலிருந்து பஸ்ஸில் அரை மணி நேரத் தொலைவில் இருக்கும் எங்கள் வீட்டைப் பத்தொன்பதாம் நூற்றாண்டில் வயலும் மாடும் வைத்திருந்த யாரோ ஒரு கமக்காரன் கட்டினான். மணற்கல்லில் செதுக்கிய கதவு நிலை, ஐந்து கற்படிகள், மாட்டுக்கும் மனிதருக்கும் ஒரே கூரை. அதை வாங்க வைத்தவள் நான்தான். டவுனில் லிஃப்ட் உள்ள வீடு பார்ப்போம் என்றார் என் கணவர். இந்த வீட்டின் வாசல் நேர் கிழக்கு. எனக்கு அது போதும்.

"வாசலோடையோ குடும்பம் நடத்தப் போறாய்?" என்று சிரித்தார். திசைகாட்டியை மூன்று தரம் பார்த்த நான், பத்திரத்தில் 'பாதுகாக்கப்பட்ட கட்டடம்' என்று இருந்த வரியைப் பார்க்கவில்லை. பார்த்திருந்தாலும் பெருமைதான் பட்டிருப்பேன்.

மூன்றாம் வருடம் அவருக்குப் பாரிசவாதம் வந்தது. வலது கையும் காலும் போய்விட்டன. சக்கர நாற்காலி கதவு நிலைக்குள் நுழையாது; நுழைந்தாலும் படிகள் விடாது. வைத்தியசாலைக்குப் போகும் நாளில் இரண்டு பேர் வந்து தூக்கிக்கொண்டு போவார்கள். மற்ற நாளெல்லாம் யன்னல்தான். அதுவும் குளிருக்குப் பயந்து அந்தக் கமக்காரன் வைத்த சின்ன யன்னல். அவரைத் தனியே விட்டுவிட்டு நான் எங்கே போவது? எனக்கும் அதே யன்னல்தான்.

வாசலை அகலமாக்க அனுமதி கேட்டு, பழைய கட்டடங்களைக் காக்கும் கன்டோன் அரசின் அலுவலகத்துக்கு எழுதினோம். ஒரு பெண் வந்தாள். நிலைக் கல்லை அவள் தடவிக்கொடுத்த விதத்தில் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. உள்ளே இருந்த மனுசனை அவள் அந்த அக்கறையோடு பார்க்கவில்லை என்றுதான் அன்றைக்கு நினைத்தேன்.

ஒரு மாதத்தில் பதில் வந்தது. கிழக்கு வாசலில் கை வைக்க முடியாது. ஆனால் பழைய மாட்டுத் தொழுவத்தின் கதவைப் பெரிதாக்கி, நாற்காலி போகச் சரிவுப் பாதை போடலாம். கையெழுத்து வைத்து அனுப்பினால் போதும்.

தொழுவக் கதவு தெற்குப் பக்கம். எமனுடைய திசை. பாதி உயிரோடு திரும்பி வந்தவரை அந்த வழியால் வெளியே தள்ளிக்கொண்டு போக எனக்கு மனம் வரவில்லை. முப்பது வருடம் இந்த நாட்டில் வேலை செய்தவளுக்கு இது என்ன புத்தி என்று என்னையே திட்டினேன். பயம் போகவில்லை. கடிதத்தை அரிசி வாளிக்குப் பின்னால் வைத்தேன்.

பனி கொட்டிக் கரைந்தது. செரி மரம் பூத்தது. காலைதோறும் அவர் கேட்பார்.

"கடிதம் வந்ததோ?"

"இன்னும் இல்லை."

நேற்று அவர் கேட்கவில்லை. தேத்தண்ணியை வைத்ததும் இடது கையால் என் கையைப் பிடித்தார். பேச்சு இன்னும் குழறும். மெல்ல மெல்லச் சொன்னார்.

"இனி அவையளோடை மல்லுக்கட்டாதை. அவையின்ரை சட்டம் அப்பிடி. என்னை வெளியாலை கொண்டுபோக நீயும் எவ்வளவு பாடுபட்டிட்டாய். காணும், விடு."

நான் ஓம் என்றேன்.