தண்ணீர் வருவதற்கு முன்

எழுத வேண்டும் என்ற ஆசை வந்தபோது எனக்கு வயது நாற்பதைத் தாண்டியிருந்தது. சித்தூரில் ஒரு மாம்பழக்கூழ் தொழிற்சாலையின் பரிசோதனைக் கூடத்தில் வேலை. சீசன் வந்துவிட்டால் லாரிமேல் லாரியாகப் பழம் வரும். கூழின் இனிப்பையும் புளிப்பையும் அளந்து முடித்து வீடு திரும்பினால் தலைமுடியில்கூடப் பழவாசனை இருக்கும். பழம் பொறுக்கும் பெண்கள் சாப்பாட்டு வேளையில் தங்கள் வீட்டுக் கதைகளைச் சொல்லுவார்கள். கேட்டுக் கேட்டு, இதையெல்லாம் எழுதிப் பார்த்தால் என்ன என்று தோன்றியது. நேரம்தான் இல்லை. இரவு பாத்திரம் கழுவி, மறுநாள் மகளின் சாப்பாட்டு டப்பாவுக்கு என்ன என்று யோசிப்பதற்குள் கண் சொக்கிவிடும்.

விடியுமுன் எழுந்து பார்க்கலாம் என்று முடிவு செய்தேன். எங்கள் வீடு ஒரு அறை, ஒரு சமையலறை. அறையில் விளக்குப் போட்டால் கணவரும் மகளும் விழித்துக்கொள்வார்கள். அதனால் சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டு, அரிசி டின்மேல் ஒரு பலகையை வைத்து எழுதினேன். முதல் வாரம் எழுதியதைவிடத் தூங்கியதுதான் அதிகம். பலகையில் தலை வைத்துத் தூங்கி, கன்னத்தில் மை ஒட்டிக்கொண்டு எழுந்த நாளும் உண்டு.

கொஞ்சம் பழகியதும் குழாய்த் தண்ணீர் தொல்லையானது. எங்கள் தெருவில் ஒருநாள் விட்டு ஒருநாள் விடியற்காலையில் தண்ணீர் விடுவார்கள். ஒரு வாக்கியம் கூடி வரும் நேரத்தில் குழாய் சீறும். போய்க் குடம் வைத்துவிட்டுத் திரும்பினால் அந்த வாக்கியம் இருக்காது.

என் கணவர் போர்வெல் மோட்டார்களுக்குக் கம்பி சுற்றித் தரும் வைண்டிங் கடை வைத்திருந்தார். அதிகம் பேசாதவர். ஒருநாள் நான் குடத்தோடு வெளியே வந்தபோது, தோளில் துண்டைப் போட்டுக்கொண்டு சமையலறை வாசலில் நின்றிருந்தார்.

"தெனமும் இன்னா பண்ணிக்கினு இருக்கே?"

"எழுதிக்கினு இருக்கேன்."

"இன்னா எழுதறே?"

சொன்னேன். சிரிப்பார் என்று நினைத்தேன். அவர் என் இடுப்பிலிருந்த குடத்தை வாங்கிக்கொண்டார்.

"தண்ணி நான் புடிச்சிக்கிறேன். நீ உள்ள போய் உக்காரு."

அன்றிலிருந்து தண்ணீர் அவர் வேலை. எனக்குச் சத்தம் கேட்கக் கூடாது என்று குடத்தைச் சாய்த்து வைத்துப் பிடிப்பார். மிஷன் பள்ளியில் தமிழ் படித்தவர் என்பதால், ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்குக் கிளம்புமுன் நான் எழுதியதை விரல் வைத்து மெதுவாகப் படிப்பார். நன்றாக இருக்கிறது, இல்லை என்றெல்லாம் சொல்ல மாட்டார். "இந்தப் பொம்பள கடசீல இன்னா ஆனா?" என்று மட்டும் கேட்பார். அதற்குப் பதில் சொல்ல வேண்டியிருந்ததால்தான் நான் கதைகளை முடிக்கக் கற்றுக்கொண்டேன்.

சில வருஷங்களில் மகள் படிப்பு முடித்து, திருப்பதியில் வீடு எடுத்துக்கொண்டு, ரேணிகுண்டா பக்கம் ஒரு கம்பெனிக்கு வேலைக்குப் போக ஆரம்பித்திருந்தாள். அந்த மாம்பழ சீசனில் அவர் கடையிலேயே விழுந்தார். பக்கவாதம். திருப்பதி ஆஸ்பத்திரியில் உயிரைக் காப்பாற்றிக் கொடுத்தார்கள். வலது கையும் காலும் பேச்சும் போய்விட்டன. அங்கேயும் விடியுமுன் அந்த நேரத்துக்கு எனக்கு விழிப்பு வந்துவிடும். வராந்தாவில் பாய் விரித்துத் தூங்கும் மற்றவர்களுக்கு நடுவில் உட்கார்ந்திருப்பேன். எழுதுவது என்று ஒன்று இருந்ததே நினைவுக்கு வரவில்லை.

வீட்டுக்கு வந்த பிறகு என் விடியற்காலை அவருடையதாயிற்று. உடம்பு துடைத்து, புரட்டிப் படுக்க வைத்து, மடங்கிப்போன விரல்களை ஒவ்வொன்றாக நீட்டி மடக்க வேண்டும். அப்படி ஒருநாள் விரல்களைப் பிடித்துக்கொண்டிருந்தபோது, அவர் இடது கையைத் தூக்கிச் சமையலறைப் பக்கம் காட்டினார்.

"இன்னா வேணும்? தண்ணியா?"

இல்லை என்று தலையாட்டினார்.

"டீ போடட்டா? பசிக்குதா?"

மறுபடியும் அதே பக்கம் காட்டினார். எனக்குப் புரியவில்லை என்றதும் அவர் கண் கலங்கிவிட்டது. கடைசியில் என் கையைப் பிடித்து விரித்து, உள்ளங்கையில் ஆள்காட்டி விரலால் கோடு போட்டார். ஒன்றன்கீழ் ஒன்றாக, இடமிருந்து வலமாக.

"எழுதச் சொல்றீங்களா?"

கண்ணை மூடிக்கொண்டு என் கையை விட்டார்.

"இப்ப இன்னாத்த எழுதறது?" என்றேன். அவர் கண்ணைத் திறக்கவில்லை. அவருக்காக எழுந்து போய்ச் சமையலறையில் விளக்கைப் போட்டு உட்கார்ந்தேன். ஒரு வரியும் எழுதவில்லை. திரும்பி வந்து பார்த்தபோது, இரவு முழுக்கத் தூங்காத மனிதர் அயர்ந்து தூங்கிக்கொண்டிருந்தார். அவர் தூங்கட்டும் என்பதற்காகவே மறுநாளும் போய் உட்கார்ந்தேன். அதற்கடுத்த நாளும். எப்போது மீண்டும் எழுத ஆரம்பித்தேன் என்று தெரியவில்லை. ஒரே தொழிற்சாலையில் பழம் பொறுக்கிக்கொண்டு, ஒருவரோடொருவர் பேசிக்கொள்ளாத அக்கா தங்கை இருவரின் கதை அது. ஞாயிற்றுக்கிழமைகளில் அவருக்குப் படித்துக் காட்டுவேன். கூரையைப் பார்த்தபடி கேட்பார். எவ்வளவு புரிந்தது என்று எனக்குத் தெரியாது.

மழைக்காலத்தில் ஒரு விடியற்காலை. நன்றாக எழுத வந்த நாள் அது. முடித்துவிட்டு, அவர் முகம் துடைக்க வெந்நீர் எடுத்துக்கொண்டு அறைக்குப் போனேன். தூங்குவது போலத்தான் இருந்தார். கையைத் தொட்டபோது சில்லென்றிருந்தது.

அடக்கம் முடிந்ததும் மகள் என்னைத் திருப்பதிக்கு அழைத்துப் போனாள். அங்கே எனக்கு ஒரு வேலையும் இல்லை. ஒரு மணி நேரத்துக்காக எவ்வளவோ பாடுபட்டவளுக்கு இப்போது நாள் முழுவதும் கிடந்தது. நன்றாக விடிந்த பிறகும் படுத்தே இருந்தேன்.

ஒருநாள் மகள் வேலைக்குக் கிளம்பிக்கொண்டே கேட்டாள். "ஏம்மா, இப்பல்லாம் எழுதறதே இல்லயா?"

"நான் எழுதிக்கினு இருந்தப்பதான் உங்க நைனா போனாரு."

அவள் பையைக் கீழே வைத்துவிட்டு என் பக்கத்தில் உட்கார்ந்தாள். "அதி காதும்மா, அப்டி இல்ல. நீ பக்கத்துல உக்காந்துக்கினு இருந்தா நைனா முழிச்சிக்கினே கெடந்திருப்பாரு. தூக்கத்துல போனாரு. அது ஒண்ணாவது கெடச்சிது அவருக்கு."

அவள் சொன்னது சரியாக இருக்கலாம். எனக்கு ஆறுதலாக இல்லை. ஆனாலும் சில நாட்கள் கழித்து, சித்தூருக்குப் போகிறேன் என்று சொன்னேன். அவள் தடுக்கவில்லை. வந்து தொழிற்சாலையில் பழைய வேலைக்கே திரும்பினேன்.

அக்கா தங்கை கதையை முடிக்க ஒரு வருஷத்துக்கு மேல் ஆனது. முடித்த அன்று அதை யாருக்குக் காட்டுவது என்று தெரியவில்லை. மகள் தெலுங்கில் படித்தவள்; தமிழ் பேசுவாள், வாசிக்கத் தெரியாது. போனில் சொன்னபோது, "நீ படிச்சிக் காட்டு, நான் கேக்கறேன்" என்றாள்.

இப்போது சில காலைகளில், அவள் பஸ்ஸுக்கு நிற்கும் நேரத்தில் போனில் படித்துக் காட்டுகிறேன். புரியாத சொல் வந்தால் நிறுத்துவாள், தெலுங்கில் சொல்வேன். போன வாரம் பாதிப் பக்கத்திலேயே பஸ் வந்துவிட்டது. "வெச்சிடறேம்மா" என்று வைத்துவிட்டாள். மீதியை நான் தனியாக, சத்தமாகவே படித்து முடித்தேன். பிறகு வேலைக்குக் கிளம்பினேன்.