சொந்தச் சத்தம் இல்லாத கீபோர்டு

போன ஞாயிற்றுக்கிழமை எதிர் ஃபிளாட்டு முருகேசன் ஒரு நீளமான அட்டைப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தார். கார் கம்பெனியில் வேலை. திருநெல்வேலிப் பக்கத்து ஆள். ஒரகடம் வந்து இரண்டு வருடமாகியும் பேச்சில் ஊர் அப்படியே இருக்கிறது.

"சார், ஒங்களுக்கு இதெல்லாம் தெரியும்னு செக்யூரிட்டி சொன்னாரு. இத எதுல சொருகணும்?"

அவர் வீட்டுக்குப் போய்ப் பெட்டியைத் திறந்ததும் தெர்மாகோலும் புது பிளாஸ்டிக்கும் கலந்த ஒரு வாசனை வந்தது. உள்ளே மிடி கீபோர்டு, கம்ப்யூட்டரோடு இணைத்துப் பாட்டு வாசிப்பது. இப்போதெல்லாம் எவ்வளவு சுலபமாகிவிட்டது! ஒரே ஒரு வயர். கம்ப்யூட்டரில் சொருகினால் அதுவே கண்டுபிடித்துக்கொள்கிறது. ஆனால் முருகேசன் அவசரக்காரர். நான் வயரைப் பிரிப்பதற்குள் கட்டைகளை அழுத்திப் பார்த்துவிட்டு முகம் வாடினார்.

"சத்தமே வரலியே சார். பழுதான சாமானை அனுப்பிட்டானா?"

"பழுதில்ல. இதுக்குச் சொந்தமா சத்தம் கிடையாது. கம்ப்யூட்டர்தான் இதுக்காகச் சத்தம் போடும்."

"அப்படியா? வீட்ல அவளுக்குன்னு வாங்குனேன் சார். நல்லா பாடுவா."

இணைத்துக் கொடுத்தேன். கிளம்பும்போது, "கம்ப்யூட்டர் பாஸ்வேர்டை அவங்ககிட்ட சொல்லிடுங்க" என்றேன். இந்தக் கிழவனுக்கு எதற்கு நம் வீட்டுப் பாஸ்வேர்டு என்பதுபோல ஒரு பார்வை பார்த்தார். அது நியாயம்தான். என் வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டேன். அந்த வாசனை மட்டும் கூடவே வந்துவிட்டது.

அது 1991ஆம் வருடத்து வாசனை. அந்த வருடம் ஒரு தலைவரின் கொலையால் எங்கள் பக்கத்து ஊரின் பெயர் உலகத்துப் பத்திரிகைகளிலெல்லாம் வந்தது. அதைப் பற்றி எழுத எனக்கு ஒன்றுமில்லை. என் வீட்டுக்குள் நடந்ததை மட்டும் சொல்கிறேன்.

அப்போது படப்பையில் வாடகைக்கு இருந்தோம். இன்று ஷேர் ஆட்டோக்கள் முட்டி மோதும் சாலையில் அன்று மாட்டு வண்டிகள்தான் அதிகம். தொழிற்சாலைகள் அங்கொன்று இங்கொன்று. அவற்றில் ஒன்றில், டெலிபோன் எக்ஸ்சேஞ்சுக்கான எலக்ட்ரானிக் போர்டுகளைச் சோதிக்கும் பிரிவில் நான் இன்ஜினியர். வீட்டிலிருந்தும் புரோகிராம் எழுத வேண்டும் என்று கெஞ்சி, கம்பெனியின் பழைய கம்ப்யூட்டர் ஒன்றைக் கொண்டுவந்து வைத்திருந்தேன். தெருவிலேயே ஒன்றுதான். பார்க்க வந்தவர்கள் செருப்பை வெளியே விட்டுவிட்டு வருவார்கள். ஆயுத பூஜைக்கு அதற்குப் பொட்டு வைத்தோம். எனக்கும் ஒன்று வைத்திருக்கலாம், அவ்வளவு தலைக்கனம் எனக்கு.

என்னோடு வேலை பார்த்த பாலு ஒருமுறை சிங்கப்பூருக்குப் பயிற்சிக்குப் போய், சத்தம் எழுப்பும் அட்டை ஒன்றையும் பாட்டு அமைக்கும் மென்பொருளையும் கொண்டுவந்து கொடுத்தான். அட்டையைக் கம்ப்யூட்டருக்குள் பொருத்தியாகிவிட்டது. ஆனால் ஒவ்வொரு சுரத்தையும் அம்புக்குறிப் பொத்தானால் நகர்த்தி நகர்த்தித் திரையில் வைக்க வேண்டும். ஒரு வரிப் பாட்டுக்கு ஒரு மாலைப் பொழுது போய்விடும். வாசித்தால் அதுவே எழுதிக்கொள்ளும்படி ஒரு கீபோர்டு வேண்டும் என்று எனக்கு ஆசை வந்தது.

வாசிக்கத் தெரிந்த ஆள் எங்கள் வீட்டில் ஒருத்திதான். அது நானில்லை.

என் மனைவி தேவகி சேரப்பணஞ்சேரிக்காரி. அந்த ஊர் பஜனை கோயிலின் ஆர்மோனியத்தை அவர்கள் வீட்டில்தான் வைத்திருப்பார்கள். மார்கழி தவிர மற்ற மாதங்களில் அது சும்மா கிடக்கும். சும்மா கிடந்ததை எடுத்து வாசித்து வாசித்துத் தானாகக் கற்றுக்கொண்டவள். கல்யாணத்தின்போது அவள் அண்ணன் துரை, மற்ற சீரோடு புது ஆர்மோனியம் ஒன்றையும் வாங்கிக் கொடுத்திருந்தார். மதியச் சாப்பாடு முடிந்ததும் தெருப் பெண்கள் நாலைந்து பேர் எங்கள் வீட்டுக்கு வருவார்கள். பெட்டியைத் திறந்ததும் பழைய துணியும் கற்பூரமுமாக ஒரு மணம் வரும். அவள் வாசிக்க, அவர்கள் பாடுவார்கள். எனக்கு லீவு நாளில் அது தூக்கத்தைக் கெடுக்கும் சத்தம். அந்த வருட நவராத்திரிக்கு அம்மன் கோயிலில் பாடச் சொல்லி அவர்களைக் கேட்டிருந்தார்கள். கோயிலில் மைக் முன்னால் உட்காரப் போகிறோம் என்று தேவகி அந்த ஆடி மாதத்திலிருந்தே பாட்டுகளைச் சேர்க்கத் தொடங்கியிருந்தாள்.

பாலு இரண்டாம் முறை சிங்கப்பூர் போனபோது அங்கிருந்து கம்பெனிக்குப் போன் செய்தான். கடையில் இரண்டு கீபோர்டு இருக்கிறது, எது வேண்டும் என்று கேட்டான். ஒன்று சின்னது. ஸ்பீக்கர் உள்ளேயே உண்டு, பேட்டரியிலும் ஓடும், கம்ப்யூட்டரோடு இணைக்க மிடியும் உண்டு. மற்றது நீளம், தரமான கட்டைகள், அழுத்தும் வேகத்துக்கேற்பச் சத்தம் ஏறி இறங்கும். ஆனால் அதற்குள் சத்தமே கிடையாது.

"யாருடா வாசிக்கப் போறது? நீயா, வீட்லயா?"

"ரெண்டு பேருந்தான்" என்றேன்.

"வீட்லன்னா ஸ்பீக்கர் வெச்சதே போதும்டா."

"அது பொம்மை மாதிரி இருக்கும். பெருசையே எடு."

அந்த ஒரு வாக்கியத்தை எத்தனையோ முறை திரும்ப நினைத்துப் பார்த்திருக்கிறேன். தேவகி என்னிடம் கேட்டிருந்தது ஒன்றே ஒன்றுதான்: "கரண்டு போனாலும் வாசிக்கிற மாரி இருந்தாப் போதுங்க." எனக்கு அது ஞாபகம் இல்லாமல் இல்லை. எங்கள் பிரிவில் யாரிடமும் இல்லாத ஒன்று என்னிடம் இருக்க வேண்டும் என்பதுதான் பெரிதாக இருந்தது.

பாலு பணம் வாங்க மறுத்தான். அவன் அம்மாவுக்கு ஆர்மோனியம் வேண்டுமாம், அதைக் கொடுத்தால் போதும் என்றான். ஒருநாள் தேவகி சாதம் போட்டுக்கொண்டிருந்தபோது இதைச் சொன்னேன். கேட்டேன் என்று எழுத வந்த கையை நிறுத்திக்கொள்கிறேன். சொன்னேன்.

"அது எங்க அண்ணன் சீராக் குடுத்த பொட்டிங்க."

"அதனால என்ன? வரப்போறதுல நூறு பொட்டி இருக்கு."

அவள் ரசத்தை ஊற்றினாள். பாலு வந்து எடுத்துப்போன அன்று பெட்டியை ஈரத் துணியால் துடைத்துக் கொடுத்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

கீபோர்டை இணைத்த கதை தனி. அப்போதைய மிடி வயரின் முனையில் ஐந்து கம்பி கொண்ட உருண்டைச் சொருகி. கீபோர்டின் பின்னால் 'இன்', 'அவுட்' என்று இரண்டு துளைகள். கம்ப்யூட்டர் பக்கமும் அதே இரண்டு. நான் அவுட்டை அவுட்டோடும் இன்னை இன்னோடும் இணைத்தேன். பெயருக்குப் பெயர் பொருத்தம்! கல்யாணத் தரகர்கூட அப்படிப் பார்க்க மாட்டார். ஒன்று சொல்லும் இடம், மற்றது கேட்கும் இடம்; சொல்வதைக் கேட்பதோடுதான் இணைக்க வேண்டும். போர்டு போர்டாகச் சோதித்துச் சம்பளம் வாங்குகிற எனக்கு அது தோன்றவில்லை. பல நாள் மீட்டரை வைத்துக்கொண்டு மல்லாடினேன். எங்கள் குழந்தைகள் எதையோ தொட்டுவிட்டார்கள் என்று கத்தினேன். ஒருநாள் எரிச்சலில் மாற்றிச் சொருகியபோது சத்தம் வந்தது, சளி பிடித்த நாதஸ்வரம்போல.

"தேவகி, ஓடி வா!"

வந்து உட்கார்ந்தாள். வாசித்தாள். பாதிச் சுரங்கள் கேட்கவே இல்லை. ஆர்மோனியத்தில் விரல் கட்டையைத் தொட்டாலே போதும். சத்தத்தைக் கூட்டுவதும் குறைப்பதும் துருத்தி போடும் இடது கை. அவள் விரலுக்கு அழுத்தத் தெரியாது. இடது கையோ இல்லாத துருத்தியைத் தேடிக் காற்றில் போய்ப் போய் வந்தது. நான் சிரித்தேன்.

"அமுக்கு. நல்லா அமுக்கு."

"இன்னும் எவ்ளோங்க அமுக்கறது? வெரலு நோவுது."

மென்பொருளில் ஒரு எண்ணை மாற்றினால் எப்படித் தொட்டாலும் ஒரே அளவில் சத்தம் வரும். அடுத்த வாரமே கையேட்டில் படித்துவிட்டேன். மாற்றவில்லை. மாற்றினால் நான் பெருமையாகத் தேர்ந்தெடுத்ததற்கு அர்த்தமே இருக்காது என்று பட்டது. அவள் பழகிக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டேன்.

அந்தக் காலத்துக் கம்ப்யூட்டரின் முகத்தில் ஒரு பூட்டு இருக்கும். சின்னச் சாவி; பூட்டிவிட்டால் கம்ப்யூட்டரை இயக்க முடியாது. அது கம்பெனிச் சொத்து. ஏதாவது ஆனால் என் வேலைக்கு ஆபத்து என்ற பயம் நிஜமாகவே இருந்தது. பூட்டிச் சாவியை எடுத்துக்கொண்டுதான் ஷிஃப்டுக்குப் போவேன். மதியம் பெண்கள் வந்தபோது என்ன நடந்தது என்பதை நைட் ஷிஃப்ட் முடிந்து உள்ளறையில் படுத்திருந்த ஒருநாள் என் காதாலேயே கேட்டேன். பக்கத்து வீட்டு வள்ளியக்காவின் குரல்.

"இன்னாடி தேவகி, இது வாயே தொறக்க மாட்டேங்குது? மாமியா எதிர்ல ஒக்காந்த மருமவ மாரி!"

எல்லோரும் சிரித்தார்கள்.

"அவரு வந்து தொறந்தாத்தான் பேசும்க்கா."

"அப்ப பாட்டுக்கும் வூட்டுக்காரரு பர்மிசன் வேணுமா? நல்லா கீது போ!"

நான் சட்டைப் பையில் சாவியோடு அங்கேதான் படுத்திருந்தேன். எழுந்து போய்த் திறந்துவிட்டிருக்கலாம். தூங்குவதுபோல இருந்துவிட்டேன்.

கொஞ்ச நாள் கைதட்டிப் பாடினார்கள். சுருதி ஆளுக்கொரு பக்கம் போனது. பிறகு வருவது குறைந்தது. நவராத்திரிக்கு அம்மன் கோயிலில் வேறு ஊரிலிருந்து ஒரு குழு வந்து பாடியது. தேவகி கூட்டத்தோடு நின்று கேட்டுவிட்டு, சுண்டல் வாங்கிக்கொண்டு வந்தாள்.

துரை மச்சான் தீபாவளிச் சீர் கொண்டுவந்தபோது வீட்டைச் சுற்றிப் பார்த்தார்.

"மாப்ள, பொட்டி எங்க காணோம்?"

சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தேன். தேவகி குழம்புக் கிண்ணத்தோடு வந்தாள்.

"நான்தாண்ணா குடுத்துட்டேன். துருத்தி போட்டுப் போட்டு கை நோவுது. அவரு வேணாம்னுதான் சொன்னாரு."

மச்சானுக்கு முகம் சுருங்கிவிட்டது. சீரைத் தூக்கிக் கொடுத்துவிட்ட தங்கை என்று நினைத்தாரோ என்னவோ, அதற்குப் பிறகு அவளிடம் பழைய கலகலப்பு இல்லை. நான் இன்னும் கொஞ்சம் சோறு போட்டுக்கொண்டேன். இதைத்தான் என்னால் யாரிடமும் சொல்ல முடியாமல் இருந்தது.

அதற்குப் பிறகு ஒருநாள் காய்ச்சல் என்று ஷிஃப்ட் பாதியில் வீட்டுக்கு வந்தேன். சைக்கிளை நிறுத்தும்போது ஜன்னல் வழியே பார்த்தேன். கம்ப்யூட்டர் பூட்டியிருந்தது. கரண்டும் இல்லை. தேவகி கீபோர்டு முன்னால் உட்கார்ந்து வாசித்துக்கொண்டிருந்தாள். கட்டைகள் இறங்கி ஏறும் டக் டக் சத்தம் மட்டும். உதடு மூடியிருந்தது. வலது கை ஓடிக்கொண்டிருந்தது, இடது கை துருத்தி போட்டுக்கொண்டிருந்தது. ஒரு இடத்தில் தவறிவிட்டாள் போலிருக்கிறது, நாக்கைக் கடித்துக்கொண்டு திரும்ப அந்த வரிக்குப் போனாள். சைக்கிளைப் பிடித்துக்கொண்டு அங்கேயே நின்றேன். பிறகு சைக்கிள் ஸ்டாண்டைச் சத்தமாகப் போட்டேன். சட்டென்று கீபோர்டை உறையால் மூடிவிட்டாள்.

"வந்துட்டீங்களா? சோறு போடட்டா?"

அன்று அந்தச் சாவியை மேஜைமேல் வைத்திருந்தால் போதும். நாளைக்கு வைக்கலாம் என்று நினைத்தேன்.

கம்பெனிக்குப் புதுக் கம்ப்யூட்டர்கள் வந்ததும் பழையதைத் திருப்பிக் கேட்டுவிட்டார்கள். கீபோர்டு பரணுக்குப் போய், வீடு மாறியபோது பழைய சாமான்காரனிடம் போனது. பல வருடம் கழித்து சென்னையிலிருந்து நல்ல ஆர்மோனியம் ஒன்று வாங்கிவந்தேன். தேவகி அதைத் தடவிப் பார்த்தாள். "இப்ப எதுக்குங்க, வெரலு மடங்க மாட்டேங்குது" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

அவள் போய்விட்டாள். துரை மச்சானும் போய்விட்டார். அவரிடம் உண்மையைச் சொல்ல நான் சேர்த்து வைத்த துணிச்சல் அவருடைய காரியத்துக்குப் போய் நிற்கத்தான் உதவியது. வள்ளியக்கா இல்லை. அந்த மதியங்களில் என்னென்ன பாட்டுகள் பாடினார்கள் என்று சொல்ல அந்தத் தெருவில் ஒருவரும் இல்லை. தெருவே இல்லை, அங்கே லாரிகள் நிற்கின்றன.

ஜன்னலுக்கு வெளியே நான் நின்ற அந்த நேரத்தில் அவள் ஒரு பாட்டை வாசித்துக்கொண்டிருந்தாள். அது எந்தப் பாட்டு என்று எனக்குத் தெரியாது. கேட்டிருந்தால் சொல்லியிருப்பாள்.