சுவருக்குள் ஒற்றைக் காலணி

திர்ஸா போரெட்டுக்கும் அந்த வீட்டுக்கும் முதல் நாளிலிருந்தே ஒத்துப்போகவில்லை. 1919-இல், இங்கிலாந்தின் சஃபோக் பக்கம் களிமண் வயல்களுக்கு நடுவே இருந்த அந்தப் பண்ணைவீட்டுக்கு மருமகளாக வந்தபோது அவளுக்கு இருபது வயது. வீட்டில் மருந்துக்குக்கூட ஒரு நேர்கோடு கிடையாது. மாடித் தரையில் நூல்கண்டு விழுந்தால் தானாகவே உருண்டுபோய் சன்னலடியில் நிற்கும்.

"வீடா இது? குடிச்சிட்டு வேலியைப் பிடிச்சிட்டு நிக்கிற ஆள் மாதிரி இருக்கு!" என்றாள்.

புருஷன் ரூபன் சிரித்தான். "முந்நூறு வருஷமா இப்படித்தான் நிக்குது. நீ அதட்டினா விழுந்துடுமா?"

விழவில்லைதான். ஓக் மரச்சட்டம்தான் அந்த வீட்டின் எலும்பு. தூணும் உத்தரமும் ஒன்றுக்குள் ஒன்று கொளுவி, மர ஆணி அடித்து இறுக்கியவை. இடைவெளிகளில் குச்சிப் பின்னல், அதன்மேல் சாணமும் வைக்கோலும் குழைத்த மண், அதற்கும் மேல் சுண்ணாம்பு. ஒவ்வொரு மூட்டிலும் பழைய தச்சன் உளியால் எண் கீறி வைத்திருந்தான். அவர்களுடைய ஒரே மகள் எஃபி எண்ணப் பழகியதே அந்தக் கீறல்களை விரலால் தடவித்தான்.

எஃபி ஆறு வயதில் போய்விட்டாள். 1927 நவம்பரில் தொண்டை அடைப்பான் வந்து, ஐந்தே நாளில். மூன்றாம் நாள் திர்ஸா வெந்நீருக்காகக் கீழே இறங்கி வந்தாள். ரூபன் கணப்புக்குப் பக்கத்துச் சுவரில் ஈர மண்ணை அப்பிக்கொண்டிருந்தான். அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"மேல புள்ள மூச்சுக்குத் தவிக்குது, ஒனக்குச் சுவர் பூசுற வேலை கேக்குதா? நீயெல்லாம் ஒரு அப்பனா?"

ரூபன் திரும்பவே இல்லை. இன்னொரு கை மண்ணை அள்ளி அப்பினான்.

அடக்கத்தன்று எஃபியின் பழுப்புத் தோல் ஷூவில் ஒன்றைக் காணவில்லை. வீட்டையே தலைகீழாகப் புரட்டியும் கிடைக்கவில்லை. "அகழியில விழுந்திருக்கும்" என்றான் ரூபன். மிஞ்சிய ஒன்றைத் திர்ஸா மாடிப் பெட்டியில் வைத்துக்கொண்டாள்; குழந்தை வெறுங்காலோடு மண்ணுக்குள் போனது. சாவைக்கூட ஒருவழியாக விழுங்கிக்கொண்ட திர்ஸாவுக்கு இது மட்டும் தொண்டையிலேயே நின்றது. அந்த ஷூ கிடைத்தே ஆகவேண்டும் என்று, வீட்டைச் சுற்றியிருந்த அகழியில் இரண்டு குளிர்காலம் அவனை இறக்கித் தேடவைத்தாள். இடுப்பளவுச் சேற்றில், பனிப்பாளத்தை உடைத்து உடைத்து, மறுபேச்சில்லாமல் தேடினான். வெறுங்கையோடு ஏறி வந்தான்.

பிறகுதான் காலடி கேட்க ஆரம்பித்தது. பொழுது சாய்ந்து கணப்பு மூட்டினால் போதும், நடைவழியில் சின்னக் காலடி ஒன்று வரும். ஒரு கால் 'டக்', மறு கால் மெத்தென்று வெறுங்காலாக. கணப்புச் சுவர்வரை வந்து நின்றுவிடும். மரம் காய்ந்தால் முனகும், அது அவளுக்குத் தெரியாதா என்ன? இது மரம் இல்லை. முதலில் பயந்தாள், அப்புறம் பழகினாள், கடைசியில் அதற்காகவே காத்திருந்தாள். ரூபனோடு தேவைக்கு மேல் ஒரு வார்த்தை பேசவில்லை. இருபத்தேழு வருஷம்! 1954-இல் அவனும் போய்ச் சேர்ந்தான்.

குளிர்காற்று புகுகிறது என்று அடுத்த வருஷமே வெளிச்சுவர் முழுக்க சிமெண்ட் பூசவைத்தாள். மூன்று வருஷத்தில் கணப்புப் பக்கத்துத் தூண் அடியில் பஞ்சாகிவிட்டது. தச்சர் ஜெசப் வந்து, தூணில் உளியைச் செருகி, தலையில் அடித்துக்கொண்டார்.

"சிமெண்டைப் போட்டு மூச்சை அடைச்சிட்டீங்களேம்மா! உள்ள போன ஈரம் வெளிய வர வழி வேணாமா?"

"குளிருல கெடந்து நடுங்கினது நானா, நீயா? வேலையைப் பாருப்பா."

அவர் உள்சுவரைப் பெயர்த்தார். புகைக்கூண்டை ஒட்டி ஒரு பொந்து இருந்தது. அதிலிருந்து கறுத்துச் சுருண்ட பழைய செருப்புகள் மூன்று வந்தன, ஒவ்வொன்றும் ஒற்றை. கடைசியாக ஒன்று, அவ்வளவு பழசில்லை. பழுப்புத் தோல், வார் மாட்டும் குட்டி வளையம்.

திர்ஸா எஃபியின் ஷூவை அவர் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள்.

"இதெல்லாம் அந்தக் காலத்து ஆளுங்க வைக்கிறதும்மா" என்றார் ஜெசப். "புகைக்கூண்டு வழியா கெட்டது எறங்கும்னு ஒரு பயம். போட்டுப் பழகின ஷூவை உள்ள வச்சா, ஆளுன்னு நெனச்சு அதைப் பிடிச்சிக்கும், ஆளை விட்டுடும். ஒத்தையாத்தான் வைக்கணும். ஜோடியா வச்சா நடந்து போயிடுமாம்."

"வச்சவன் ஏன் சொல்லமாட்டான்?"

"வாய விட்டுச் சொல்லக்கூடாதும்மா. சொன்னா அதே வீட்ல இன்னொரு உயிர் போயிடும்பாங்க."

இன்னொரு உயிர். எஃபி போனபின் அந்த வீட்டில் ரூபனுக்கு மிச்சமிருந்தது அவள் ஒருத்திதான்.

அன்று ஜெசப் போனபின், மாடிப் பெட்டியிலிருந்த மற்ற ஷூவையும் எடுத்துவந்து மேசைமேல் வைத்தாள். பொழுது சாய்ந்தது. டக்கென்று ஒரு கால், மெத்தென்று ஒரு கால். இந்தமுறை சுவருக்குப் போகவில்லை. மேசையருகே வந்து நின்றது. வெகுநேரம் நின்றது. இத்தனை வருஷமாகப் பிள்ளை எதைத் தேடி வந்தாள் என்று திர்ஸாவுக்கு அப்போதுதான் புரிந்தது. கொடுத்துவிட்டால் இந்தக் காலடியும் இருக்காதே, ஆண்டவனே! இந்த வீட்டில் அவளுக்கு வேறு யார் இருக்கிறார்கள்?

மறுநாள் காலை பழைய மூன்றோடு இரண்டு ஷூவையும் ஜெசப்பிடம் நீட்டினாள்.

"ரெண்டையும் உள்ள வை."

"நடந்து போயிடும்மா."

"தெரியும்ப்பா. வை."

மண்ணை அவளே குழைத்தாள், அவளே அப்பினாள். முழங்கைவரை சேறு.

மாலையில் கணப்பு மூட்டி உட்கார்ந்தாள். டக், டக், டக், டக். இரண்டு காலிலும் ஷூ. நடை இல்லை, ஓட்டம்! சுவரிலிருந்து கிளம்பி, அவள் நாற்காலியை ஒரு சுற்றுச் சுற்றி, நடைவழியாக வாசலுக்கு ஓடியது. கதவின் கொண்டி தானாக மேலெழும்பி விழுந்தது. அவ்வளவுதான்.

திர்ஸா எதிரே இருந்த ரூபனின் காலி நாற்காலியைப் பார்த்தாள்.

"ரெண்டு குளிர்காலம் அந்த அகழியில எறங்குனியே, அங்க இல்லன்னு தெரிஞ்சும் எறங்குனியே" என்றாள். "நான் செத்தாத்தான் என்னய்யா? சொல்லியிருக்கலாமே."