ஒரு மூடி மிச்சம்

எங்கள் மழலைப் பள்ளிக்குப் படம் எடுத்துக் கொடுக்கும் ஸ்டுடியோக்காரர் ஒரு கல்லுளிமங்கன். நாலு வார்த்தை கேட்டால் ஒரு வார்த்தை வரும். அதுவும் "கண்ணை மூடாதீங்க" என்பதாகத்தான் இருக்கும். அதனால் பிள்ளைகள் அவருக்குக் 'கண்ணு மாமா' என்று பெயர் வைத்துவிட்டார்கள். அவரிடம் பேச்சுக் கொடுத்துத் தோற்றவர்கள் எங்கள் தெருவில் நிறையப் பேர். நான் மட்டும் தோற்கவில்லை. நான் பேசுவேன், அவர் கேட்பார், ஒத்துப்போயிற்று.

கடை ஒரு வாசல் அகலம்தான். முன்னால் மேசை, கம்ப்யூட்டர், அச்செடுக்கும் மெஷின். திரைச்சீலைக்கு அந்தப் பக்கம் முக்காலி, இரண்டு விளக்கு, ஒரு வெள்ளைத் துணி. அதற்கும் பின்னால் ஓர் அறை. அவர் குடியிருப்பு அது. ஒருநாள் கை கழுவ உள்ளே போனபோது பார்த்தேன். ஒரு தட்டு, ஒரு டம்ளர், ஒற்றைக் கட்டில். கொடியில் காய்ந்த துணிகூட ஒரு ஆள் அளவுக்குத்தான் இருந்தது. என் வீட்டில் காலையில் குளியலறைக்கு வரிசை நிற்கும், ஒருவர் செருப்பை ஒருவர் மாட்டிக்கொண்டு போவோம். இங்கே தரையில் ஒரு குப்பை இல்லை. குப்பை போடவும் ஆள் வேண்டும் அல்லவா.

ஞாயிற்றுக்கிழமையும் கடை திறந்திருக்கும். "லீவு விட்டா என்ன பண்றது மிஸ்" என்பார். பள்ளிக்குப் படம் எடுக்க வந்தால் பிள்ளைகள் உயரத்துக்கு முட்டி போட்டு உட்கார்ந்துவிடுவார். வேலை முடிந்த பிறகும் கிளம்பமாட்டார். குட்டி நாற்காலிகளை ஒவ்வொன்றாக எடுத்து அடுக்குவார். அடுக்கியதைக் கலைத்து மறுபடி அடுக்கியதையும் நான் பார்த்திருக்கிறேன். அவருக்கு ஒரு பெண் உண்டு, மனைவி அவளைத் தூக்கிக்கொண்டு போய் வருடங்கள் ஆகிவிட்டன என்று பக்கத்துக் கடைத் தையல்காரர் எனக்குச் சொன்னார். ஏன் போனாள் என்று தையல்காரருக்கும் தெரியவில்லை. தெரிந்திருந்தால் சொல்லாமல் இருக்கும் ஆளில்லை அவர்.

வருடக் கடைசியில் ஒவ்வொரு பிள்ளைக்கும் முகம் பதித்த ஒரு ஞாபகப் பொருள் செய்து கொடுப்பது எங்கள் வழக்கம். பள்ளியை நடத்தும் பெரிய மிஸ் அதற்கென்று கொடுப்பது ஆசீர்வாதம் மட்டும். ஆகவே நான் வருடம் முழுக்கக் கண்ட குப்பையையும் பொறுக்குவேன். ஒரு வருடம் ஐஸ் குச்சிகளை ஒட்டிச் சட்டம் செய்தோம். ஒரு வருடம் செருப்புப் பெட்டி அட்டையில் வீடு வெட்டி, ஜன்னலில் முகத்தை வைத்தோம். இன்னொரு வருடம் உள்ளங்கையைச் சாயத்தில் தோய்த்து அட்டையில் பதித்து, நடுவில் படம் ஒட்டினோம். சாயம் சட்டையிலும் பதிந்து, அம்மாக்களிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன். இந்த வருடம் ஜாம் பாட்டில் மூடி. உள்ளே முகம், சுற்றிலும் கலர் நூல், பின்னால் ஒரு சின்னக் காந்தம், ஃப்ரிட்ஜில் ஒட்டிக்கொள்ளலாம்.

இத்தனைக்கும் வழி சொன்னவர் கண்ணு மாமாதான். தனித்தனியாக அச்செடுத்தால் கட்டுபடியாகாது. எல்லா முகங்களையும் ஒரே பெரிய தாளில் கட்டம் கட்டமாக அடுக்கிவிட்டால் ஒரு தாளின் செலவோடு போயிற்று. அவரே வெட்டி, உறையில் போட்டுத் தருவார். ஒரே ஒரு குறை. நான் சொன்ன அளவைவிட முகங்கள் ஒரு இழை சின்னதாகவே இருக்கும், ஓரத்தில் வெள்ளை தெரியும். "என்னண்ணே, அளவுகோலை எலி கடிச்சிருச்சா?" என்று பல வருடம் கேட்டிருக்கிறேன். "அடுத்த தடவை பார்த்துக்கலாம் மிஸ்" என்பார்.

இந்தத் தடவை எனக்கு அவசரம். சொன்ன நாளுக்கு முந்தியே கடையில் போய் நின்றேன். அவர் ஏதோ வேலையாக வெளியே போயிருந்தார். கடையைப் பார்த்துக்கொண்டிருந்த தையல்காரர், மேசை மேல் கிடந்த தாளைச் சுருட்டி, "இதுதானேம்மா, கொண்டு போ" என்று கொடுத்துவிட்டார். வெட்டாத தாள். அதை அப்படியே, மறுநாள் உதவிக்கு வந்த அம்மாக்களிடம் நீட்டிவிட்டு நான் பிரஷ் கழுவப் போய்விட்டேன். அந்த அம்மாக்களுக்குத் தன் பிள்ளையைத் தெரியும், தன் பிள்ளையைக் கடித்த பிள்ளையைத் தெரியும். மற்ற முகமெல்லாம் ஒன்றுதான். வந்ததை எல்லாம் வெட்டி, இருந்த மூடியில் எல்லாம் ஒட்டிவிட்டார்கள்.

கொடுக்கும் நாளில் மூடிகளை மேசையில் பரப்பினோம். காக்கைக்கும் தன் குஞ்சு பொன்குஞ்சு; அவரவர் தங்களுடையதைத் தேடி எடுத்துக்கொண்டார்கள். ஒன்று மிஞ்சியது. அதில் இருந்த பெண்குழந்தையை நான் பார்த்ததே இல்லை. படிய வாரிய தலை, இரண்டு பக்கமும் கிளிப், கழுத்துவரை பித்தான் போட்ட சட்டை. கண்ணை மூடக்கூடாது என்று யாரோ சொல்லி, அதை அப்படியே கேட்டுக்கொண்ட பார்வை.

எங்கள் வகுப்பு வாயாடி எட்டிப் பார்த்தாள். "மிஸ், இவ புதுசா?"

"தெரியலடி தங்கம்."

"ஏன் வரல? காய்ச்சலா?"

பிள்ளைகளுக்கு அதில் ஒரு சங்கடமும் இல்லை. பெரியவர்களுக்கு இருந்தது. ஒரு அப்பா அமைதியாகத்தான் கேட்டார்: "வேற யார் பிள்ளை படமோ இங்க வந்திருக்குன்னா, எங்க பிள்ளை படம் எங்க போயிருக்கும்?" பெரிய மிஸ் அங்கேயே முடிவு சொல்லிவிட்டார். "அடுத்த வருஷத்துல இருந்து வேற ஸ்டுடியோ. உனக்குத் தெரிஞ்ச ஆளுதானே, நீயே போய்ச் சொல்லு. இது யார் பிள்ளைன்னும் கேட்டுட்டு வா."

எனக்கு மூக்குக்கு மேல் கோபம். அவர்தான் வேண்டும் என்று இத்தனை வருடம் வக்காலத்து வாங்கியவள் நான். நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேள்வி கேட்பது என்று முடிவு செய்துகொண்டு போனேன். மூடியை அவர் மேசையில் டக்கென்று வைத்தேன். அவர் முகத்தில் ஈயாடவில்லை. மூடியை எடுத்து, சுற்றியிருந்த நூலை விரலால் தடவிப் பார்த்தார்.

"யாரு மிஸ் ஒட்டுனது?"

"யாரு ஒட்டினா என்னண்ணே? யார் பிள்ளை இது?"

"என் பிள்ளை."

கேட்க வைத்திருந்த நாலு கேள்வியும் போன இடம் தெரியவில்லை. முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். அவர் அன்று பேசினார். என்னிடம் அவ்வளவு பேசியது அதுதான் முதல் தடவை.

"உங்க ஸ்கூல்ல சேர்க்கறதுக்கு எடுத்த படம் மிஸ். ஃபாரத்துல ஒட்டணும்ல. எடுத்து வச்சிருந்தேன். சேர்க்கறதுக்குள்ள அவங்கம்மா கூட்டிட்டுப் போயிட்டாங்க." மூடியைத் திருப்பிக் காந்தத்தைப் பார்த்தார். "உங்க பிள்ளைங்க முகத்தை எல்லாம் அடுக்கறப்போ கடைசியில ஒரு கட்டம் மிஞ்சும். காலியா விடுவானேன்னு இவளை வச்சேன். வெட்டறப்போ இவளை மட்டும் நான் எடுத்துக்குவேன். அன்னிக்கு வெட்டறதுக்குள்ள நீங்க கொண்டு போயிட்டீங்க."

"கட்டம் மிஞ்சாத வருஷம்?"

"எல்லாரையும் ஒரு இழை சின்னதாக்கினா இடம் வந்துரும்."

ஆக, அளவுகோலைக் கடித்த எலி இதுதான். அவரைக் கொஞ்சம் இளக்கலாம் என்று, "ஒரே கிளாஸ்ல இத்தனை வருஷமா உட்கார வச்சிருக்கீங்களே, பாஸ் போட மாட்டீங்களா?" என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. "அடுத்த கிளாஸுக்கு முகம் வேணுமே மிஸ். அஞ்சு வயசுல அவ எப்படி இருந்தான்னு எனக்குத் தெரியாது."

ஆனாலும் வந்த காரியத்தைச் சொல்லாமல் போக முடியாது. பெரிய மிஸ் சொன்னதைச் சொன்னேன். முழுவதும் கேட்டார். "அவங்க சொல்றது நியாயம்தான். பிள்ளைங்க விஷயம்" என்றார். மூடியை மேசையின் இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் நகர்த்தினார். "அப்ப இவளுக்கும் இனிமே ஸ்கூல் இல்ல."

அவர் வருத்தமாகச் சொல்லியிருந்தால் தேறுதல் சொல்லியிருப்பேன். கரண்ட் போய்விட்டது என்பது போல் சொன்னார். என்னால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

"இப்போ பெரிய பொண்ணா இருப்பாளே அண்ணே. ஒரு படம் அனுப்பச் சொல்லிக் கேட்கக் கூடாதா?"

"கேட்டேன் மிஸ். அவ மாமன்கிட்ட நம்பர் வாங்கி, போன வருஷம் கேட்டேன். அனுப்பினா."

ஃபோனைத் தேடி எடுத்துக் காட்டினார். ஒரு மொட்டை மாடியில், வெயில் இறங்கிய நேரத்தில், இளம்பெண் ஒருத்தி கைப்பிடிச் சுவரில் சாய்ந்து நின்றாள். இலேசாகச் சிரித்திருந்தாள்.

"ரொம்ப நேரம் பார்த்தேன். இந்த ஊர்ல எல்லா முகமும் எனக்குத் தெரியும் மிஸ். இது தெருவுல எதிர்ல வந்திருந்தா, கண்டுபிடிச்சிருக்க மாட்டேன். என்ன எழுதறதுன்னே தெரியல."

"என்னதான் எழுதினீங்க?"

திரையைக் கொஞ்சம் மேலே தள்ளினார். அவர் எழுதியது இருந்தது: 'நல்லா இருக்கு. முகத்துல வெளிச்சம் பத்தல.' அதற்குக் கீழே ஒன்றும் இல்லை. ஒரு வருடமாக ஒன்றும் இல்லை.

எனக்குக் கோபம் திரும்ப வந்துவிட்டது. "ஏன்ணே, கடைக்கு வர்றவங்ககிட்டச் சொல்ற மாதிரியா பெத்த பொண்ணுகிட்டச் சொல்லுவீங்க?"

"எனக்குத் தெரிஞ்சது அதுதானே மிஸ்."

அதற்கு மேல் திட்ட எனக்கு மனசு வரவில்லை. "இந்த மூடியைப் படம் எடுத்து அவளுக்கு அனுப்புங்க" என்றேன்.

"இப்பவா?"

"இல்ல, நல்ல நாள் பார்த்து."

எழுந்து உள்ளே போனார். வெள்ளைத் துணி மேல் மூடியை வைத்தார். இரண்டு விளக்கையும் போட்டார். ஒன்றை நகர்த்தினார், மற்றதைத் திருப்பினார், திரும்பவும் முதலாவதை நகர்த்தினார். கழுதை கெட்டால் குட்டிச்சுவர் என்று நினைத்துக்கொண்டேன். ஒருவழியாக ஃபோனில் எடுத்தார். எழுத்து ஒன்றும் சேர்க்காமல் படத்தை மட்டும் அனுப்பினார்.

எனக்கு வீட்டில் வேலை கிடந்தது. எழுந்து போக முடியவில்லை. அவர் கத்தரிக்கோலைத் துடைத்தார், துடைத்ததையே துடைத்தார். பாஸ்போர்ட் சைஸ் படம் வேண்டும் என்று ஒருவர் வந்தார். "கொஞ்சம் உட்காருங்க" என்றார். வந்த ஆளை அவர் காக்கவைத்து நான் பார்த்ததில்லை. அப்போது ஃபோன் சிணுங்கியது. எடுத்துப் படித்தார். படித்துவிட்டு என்னிடம் நீட்டினார்.

'இது யாரு?' என்று கேட்டிருந்தாள்.

"அவளுக்கே தெரியல மிஸ்" என்றார். "சின்னதுல எடுத்த படமெல்லாம் என்கிட்டயே நின்னு போச்சு. ஒண்ணுகூட அவங்க எடுத்துட்டுப் போகல."

ஃபோனை வாங்கிக்கொண்டு ஒற்றை விரலால் எழுத ஆரம்பித்தார். நிறைய எழுதினார், எல்லாவற்றையும் அழித்தார். மறுபடி எழுதினார், அழித்தார். கடைசியில் திரையை என் பக்கம் திருப்பிக் காட்டினார். ஒரே ஒரு வார்த்தைதான் மிச்சம் இருந்தது.

'நீதான்.'

"இது போதுமா மிஸ்?"

"போதும்ணே. அனுப்புங்க."