நான்காவது தடவையும் ‘அ’

எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. எங்கள் மருதமுனையில் சுல்பிகா ராத்தாவுக்கு ‘அ’ எழுதக் கற்றுக்கொடுக்க அரசாங்கம் மூன்று தடவை பணம் கொடுத்துவிட்டது. ‘க’ கற்றுக்கொடுக்க இன்னும் ஒருவரும் வரவில்லை.

ராத்தா எனக்கு அக்கா முறை, பக்கத்து வீடு. ஒரே மகள் றுமானாவுக்குப் பிறவியிலேயே காது கேட்காது, பேச்சும் வராது. ஆனால் படித்த பிள்ளை, அழகாக எழுதுவாள். மாப்பிள்ளை அவளைக் கொழும்புக்குக் கூட்டிப்போன பிறகு போனில் எழுதித்தான் உம்மாவோடு கதைக்கிறாள். வீடியோவில் சாடை காட்டினால் ‘சாப்பிட்டியா, சுகமா’ என்பதோடு முடிந்துவிடும். எழுதுவதை நான்தான் வாசித்துச் சொல்வேன், பதிலும் நான்தான் எழுதுவேன். தாய்க்கும் மகளுக்கும் நடுவில் என் வாய் எதற்கு?

“என்ட புள்ள எழுதுறத நானே வாசிக்கணும் ஜெனூபா” என்றுதான் ராத்தா இந்த வயதில் வளர்ந்தோர் வகுப்புக்குப் போனார்.

அந்தக் கல்விக்கு வரும் பணத்தை மூன்று நிறுவனங்களுக்குப் பிய்த்துக் கொடுக்கிறார்கள். எத்தனை பேரைப் புதிதாகச் சேர்த்தாய் என்று பார்த்துத்தான் பங்கு. எத்தனை பேர் வாசிக்கிறார்கள் என்று எவனும் கேட்பதில்லை. ஒன்று வந்து பதாகை கட்டும். உயிரெழுத்து முடிவதற்குள் பணம் தீர்ந்ததென்று போய்விடும். அடுத்தது வந்து அதே பெண்களைப் புதியவர்களாகப் பதிந்து மறுபடியும் ‘அ’விலிருந்து தொடங்கும். வெட்கங்கெட்ட பிழைப்பு.

போன செவ்வாய் முதலாவது நிறுவனம் திரும்பி வந்தது. நான்காவது திறப்பு விழா; ராத்தாவுக்குத் துணையாக நானும் போனேன். அதிகாரி ராத்தாவின் கையில் வெண்கட்டியைக் கொடுத்து, படம் பிடிக்க ‘அ’ எழுதச் சொன்னார்.

“அது எனக்குத் தெரியும் சேர். மூணு தரம் படிச்சிட்டன். மிச்சத்தச் சொல்லித் தாங்க.”

“மிச்சம் ரெண்டாங் கட்டம் உம்மா. அதுக்குக் காசு வேற நிறுவனத்துக்கு.”

“அவங்க எப்ப வருவாங்க?”

“அது எங்களுக்குத் தெரியா.”

ராத்தா வெண்கட்டியை மேசையில் வைத்துவிட்டு வெளியே வந்தார். வாசலில் றுமானாவின் செய்தி வந்தது. நீளமானது. வழக்கம்போல என்னிடம் போனை நீட்டினார். நான் சத்தமாக வாசித்தேன்.

“உம்மா, நாலாவது வகுப்பும் தொடங்கிட்டுதே. இப்ப உங்களுக்கு வாசிக்க வரும்தானே. இத நீங்க மட்டும் வாசிங்க. ஜெனூபா சாச்சிக்குக் காட்ட வேணாம்.”

அதோடு நிறுத்திவிட்டேன்.

“மிச்சத்தையும் வாசிக்கவா ராத்தா?”

“வேணாம். புள்ள வேணாமெண்டுட்டாளே.”

போனை வாங்கி, தெரிந்த எழுத்துகளைத் தேடித் தேடி விரல் வைத்தார். உள்ளே கைதட்டிக்கொண்டிருந்தார்கள். அந்தப் பிள்ளைக்குக் கொழும்பில் என்ன நடக்கிறதென்று இன்றுவரை எங்கள் இருவருக்கும் தெரியாது.