பங்கர் மண்ணில் பவளமல்லிகை

எங்கள் ஊரான தண்ணீரூற்றில் புதுவீடு கட்டுகிறவர்கள் பூமரம் வைக்க ஜெயரூபியைத்தான் கூப்பிடுவார்கள். கையில் அலவாங்கோடு, அந்த நீள இரும்புக் கடப்பாரையோடு வருவாள். வளவைச் சுற்றி நடந்து அங்கங்கே நிலத்தில் குத்திப் பார்ப்பாள். அலவாங்கு பாதிக்கு மேல் தடையில்லாமல் இறங்கினால், "இதில பங்கர் இருந்திருக்கு. மரத்தை இதில வையுங்கோ" என்பாள். சண்டைக் காலத்தில் ஷெல்லுக்குப் பதுங்க வெட்டிய குழிகளை, ஊர் திரும்பியதும் எல்லோரும் மூடினோம். மூடிய மண் இளகல் மண். வேர் நன்றாக ஓடும். செவ்வரத்தையோ கொன்றையோ, அதில் வைத்தால் இரட்டிப்பாகப் பூக்கும். என் வளவில் அவள் வைத்தது மட்டும் பட்டுப்போனது. "உங்கட வாய்க்குப் பயந்திட்டுது அக்கா" என்றாள். பக்கத்து வளவுக்காரி, சொல்லட்டும் என்று விட்டுவிட்டேன்.

அவளுடைய கணவன் குகதாசன். 2009 தை மாதம் நாங்கள் எல்லோரும் புதுக்குடியிருப்புப் பக்கம் ஓடினபோது, தையல் மெஷினை எடுத்துக்கொண்டு வருகிறேன் என்று வீட்டுக்குத் திரும்பிப் போனவன் வரவில்லை. இரண்டு வருடம் கழித்து ஊருக்கு வந்தால், மெஷின் மாமரத்தடியில் சாக்கில் சுற்றிக் கயிறு போட்டுக் கட்டியபடி கிடந்தது. முடிச்சு அவன் போடுகிற முடிச்சு.

"வந்திருக்கிறார் அக்கா. கட்டியும் வைச்சிருக்கிறார். ஆரோ பிடிச்சுக்கொண்டு போயிருப்பினம். எங்கயோ இருக்கிறார்" என்றாள். இன்றுவரை குங்குமப் பொட்டை விடவில்லை. அவன் படத்துக்கு மாலை போட ஒருவரையும் விட்டதுமில்லை.

வீட்டுக்குப் பின்னால் அவர்களுடைய பழைய பங்கரை மூடிய இடத்தில் ஒரு பவளமல்லிகை வைத்தாள். ஊரில் அப்படிப் பூக்கிற மரம் வேறில்லை. விடிகிறபோது தரை தெரியாமல் கொட்டிக் கிடக்கும். மற்றப் பூ நிலத்தில் விழுந்தால் சாமிக்கு ஆகாது; பவளமல்லிகைக்கு மட்டும் அந்தத் தோஷம் இல்லை. தினமும் பொறுக்கிப் பிள்ளையாருக்கு வைத்து, அவர் வரவேண்டும் என்று கும்பிடுவாள்.

மூன்று வருடத்துக்கு முன்னர் அவளுடைய கிணற்றடியில் நித்தியகல்யாணி கூட்டமாகத் தானாக முளைத்தது. முளைத்தது மட்டுமென்றால் நானும் பேசாமல் இருந்திருப்பேன். முழங்கையை மடித்தது போல ஒரு பக்கம் நீண்டு மற்றப் பக்கம் திரும்பி, ஓரம் வெட்டி விட்ட மாதிரி நின்றது. அது பங்கரின் வடிவம் என்று வன்னியில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும்.

"நீங்கள் அதில வெட்டினனீங்களோ?" என்று கேட்டேன்.

"இல்லை அக்கா."

"அப்ப ஆர் வெட்டினது?"

ஊரெல்லாம் குத்திப் பார்க்கிறவள் அந்த இடத்தில் மட்டும் அலவாங்கு வைக்கவில்லை. எனக்குப் பேய் பிசாசில் நம்பிக்கை கிடையாது. ஆனாலும் காற்றே இல்லாத மத்தியானத்தில் அந்தப் பூக்கள் மட்டும் அசைவதைக் கண்ட பிறகு, அந்தக் கிணற்றில் தண்ணீர் அள்ளப் போவதை நிறுத்திவிட்டேன்.

இந்த வருடம் ஜெயரூபியின் மகள் தாட்சாயினிக்குக் கலியாணம் பொருந்தியது. பெண்ணுக்கு வீடு கொடுக்க வேண்டும்; கட்ட இருந்த நிலம் அந்தக் கிணற்றடிதான். மேசன் செந்தூரன் அத்திவாரம் வெட்டத் தொடங்கிய அன்று ஜெயரூபி என் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

நெஞ்சளவு ஆழத்தில் பங்கரின் அடி வந்தது. ஒரு உக்கிய அரிசிச் சாக்கு, உடைந்த கோப்பை. வேறு ஒன்றும் இல்லை.

"ஆரோ ரெண்டு நாள் இருந்திட்டுப் போயிருக்கினம்" என்றான் செந்தூரன்.

ஜெயரூபி சத்தம் போட்டுச் சிரித்தாள். "பாத்தீங்களோ அக்கா, அவர் இதில இல்லை! நான் சொன்னனான்தானே!" எல்லோருக்கும் தேத்தண்ணியும் வடையும் கொடுத்தாள். எனக்கும் உள்ளபடியே சந்தோஷம். மூன்றாவது வடையைக் கடித்தபோதுதான் என் கண் பவளமல்லிகைப் பக்கம் போனது.

ஊர் திரும்பின வருடம், மார்கழி மழையில்தான் அந்த மரத்தடிப் பங்கரை மூடினோம். கூரைக்குப் போட்ட குற்றிகள் உள்ளே சரிந்து, மேலே தண்ணீர் நின்றது. பாம்பு கிடக்கும், பிள்ளை விழுந்துவிடும் என்று ஒரே அவசரம். பாதி மண் அவள் போட்டாள், பாதி நான் போட்டேன்; உள்ளே இறங்கி ஒருவரும் பார்க்கவில்லை. மெஷினைக் கட்டிக்கொண்டிருந்தவன் ஷெல் சத்தம் கேட்டால் எங்கே ஓடியிருப்பான்? இவ்வளவு காலமும் இது எனக்குத் தோன்றவில்லையா, தோன்ற விடவில்லையா? என்மேலேயே எனக்கு ஆத்திரமாக வந்தது. மிச்ச வடையைத் தட்டில் வைத்துவிட்டேன்.

நாலாம் நாள் காலை போனபோது அவள் பவளமல்லிகைக்குக் கீழே நின்றாள். பூக்கள் பொறுக்கப்படாமல் கிடந்தன. அலவாங்கு மரத்தடியில் பிடிவரைக்கும் இறங்கி நின்றது. நெற்றியில் குங்குமம் அன்று வைத்தது.

"சுமித்திராக்கா, மண் போடேக்குள்ள நாங்கள் உள்ளுக்கு இறங்கிப் பாத்தனாங்களோ?"

என் வாய்க்குப் பூமரம்கூடப் பயப்படும் என்பார்கள். அந்த வாயால்தான் சொன்னேன்.

"ஓமடி, நான்தானே இறங்கிப் பாத்தனான். வெறும் தண்ணிதான் நிண்டது."

அவள் குந்தியிருந்து, ஒவ்வொன்றாகப் பூவைப் பொறுக்கத் தொடங்கினாள்.

"நீங்களும் பொறுக்குங்கோ அக்கா" என்றாள்.

நானும் குந்தினேன். விரல் பட்ட இடமெல்லாம் மண் இளகியிருந்தது.