விசில் ஊதினால் எல்லாரும் நிற்பார்கள்

“…அதெல்லாம் சரியடா. இடிக்கிறது, விழுத்துறது, எல்லாம் விளையாட்டெண்டே வச்சுக்கொள்ளுவம். நான் கேட்கிறது ஒண்டுதான். விசில் ஊதினா எல்லாரும் நிப்பினமோ?”

அம்மா கேட்டது மாமாவிடம். பார்த்துக்கொண்டிருந்தது, குசினி மேசைக்கு மறுபக்கம் கதிரை நெரிய உட்கார்ந்து புட்டும் கத்தரிக்காய்க் குழம்பும் சாப்பிட்டுக்கொண்டிருந்த சிவப்புத் தாடிக்காரனை. மாமா படித்த பல்கலைக்கழகத்தின் ஃபுட்டி அணிக்கு அவன்தான் கேப்டன். வெள்ளிக்கிழமை எங்கள் வீட்டில் மரக்கறிதான் என்பது அவனுக்குத் தெரியாது. குழம்புக்குள் இறைச்சியைத் தேடித் தேடி, கிடைக்காமல், ஆனாலும் மூன்றாம் முறை போட்டுக்கொண்டான். மாமா கேள்வியை ஆங்கிலத்தில் சொன்னதும் கையில் இருந்த புட்டை அப்படியே தூக்கிப் பிடித்துச் சத்தியம் செய்தான்.

“எவ்ரிபடி, மிஸ்ஸஸ்.”

“எல்லாரும் எண்டு சொல்லுறான் அக்கா,” என்றார் மாமா.

“அது எனக்கும் விளங்கினது,” என்றார் அம்மா.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் நாங்கள் மெல்பேர்ணின் புறநகரான கிளேட்டனில் ஒரு வாடகை வீட்டில் இருந்தோம். மாமா அம்மாவின் ஒரே தம்பி. எங்களோடு தங்கி, பின்தெருவால் நடந்தே பல்கலைக்கழகம் போய் எஞ்சினியரிங் படித்தார். மெல்பேர்ணில் எல்லாருக்கும் தெரிந்த அந்த விளையாட்டை இரண்டு வரியில் சொல்லிவிடுகிறேன். பந்து மாங்கொட்டை போல இருக்கும். அதை அணைத்துக்கொண்டு ஒருவர் ஓடுவார், மற்றவர்கள் அவரைப் பிடித்து விழுத்துவார்கள். “ஓடத் தெரிஞ்சவனுக்குப் பந்தைக் குடுத்திட்டு மற்ற ஆக்கள் சண்டை பிடிக்கிறது,” என்று அப்பா இன்னும் சுருக்கிச் சொல்வார். மாமாதான் அந்த ஓடத் தெரிந்தவர். அணியில் அவரை ‘கேய்’ என்று கூப்பிட்டார்கள். அவருடைய நீளமான பெயரில் முதல் எழுத்தோடு களைத்துப் போய் நின்றுவிட்டார்கள் போல.

மாமா ஓடுவதில் கெட்டிக்காரர் என்பது எங்கள் வீட்டில் பழைய செய்தி. ஊரில் ஒரு காலை ஆமிக்காரர் ஒழுங்கைக்குள் வந்து இறங்க, அவர் இடுப்பில் கட்டிய சாரத்தோடு வேலி பாய்ந்து தோட்டத்துக்கால் ஓடிய கதையை நான் பல தடவை சொல்லச் சொல்லிக் கேட்டிருக்கிறேன். அவ்வளவு நன்றாகச் சொல்வார். வேலி முள்ளில் பாதிச் சாரம் நின்றுவிடும். எதிரே வந்த மாடு பயந்து அதுவும் கூட ஓடும். அந்த மாடு மாமாவை முந்திப் போகும் இடத்தில் நான் விழுந்து விழுந்து சிரிப்பேன். பின்னால் வெடிச் சத்தம் கேட்கும் இடத்தை மாமா வாயாலேயே “டும் டும்” என்று செய்து காட்டுவார். குசினி ஜன்னலால் அன்று எல்லாவற்றையும் பார்த்தவர் அம்மா. ஆனால் கதை தொடங்கினாலே அவருக்கு அடுப்பில் ஏதாவது ஞாபகம் வந்துவிடும், எழுந்து போய்விடுவார். அம்மாவுக்குப் பகிடிக் கதைகள் பிடிக்காது என்றுதான் நான் நினைத்திருந்தேன்.

அரையிறுதிக்கு முந்திய கிழமை மாமா வலது கணுக்கால் வீங்கி நொண்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தார். நூலகப் படியில் சறுக்கியது என்றார். அம்மா அவரைக் கதிரையில் இருத்தி, தலையைச் சரித்துப் பார்த்துவிட்டுக் கேட்டார்: “நூலகப் படியில விழுந்தவனுக்குக் காதுக்குள்ள எப்படியடா சேறு வந்தது?”

ஃபுட்டி விளையாடுகிறார் என்பது அன்றுதான் வெளியே வந்தது. ‘சொக்கர்’, காலால் மட்டும் உதைக்கிற சாதாரணக் கால்பந்து, என்று சொல்லி ஒரு பருவம் முழுக்கச் சமாளித்திருந்தார். அம்மா சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் மாமாவுக்கு வசதியாக இருந்திருக்கும். “உன்னை முழுசா என்னட்டைத் தந்து விட்டவை. முழுசாத்தான் வச்சிருப்பன். இனி விளையாட்டில்லை,” என்று மட்டும் சொல்லிவிட்டு வெங்காயம் உரிக்கப் போய்விட்டார்.

மாமா கெஞ்சினார். அந்த அணி அரையிறுதியைக் கண்டு பல காலமாம். அவருக்கு அது கடைசி வருடம், இனிமேல் இப்படி ஒரு நாள் வராது. “கால் நொந்தாலும் ஓடுவன் அக்கா. எனக்கு இங்க வந்த பிறகு ஓடேக்கதான் ஏதோ…” என்று தொடங்கி முடிக்காமல் விட்டார். அப்பா பத்திரிகைக்குப் பின்னால் இருந்தபடி, “கால் அவன்ர கால்,” என்றார். அம்மா பார்த்த பார்வையில் பத்திரிகை இன்னும் கொஞ்சம் மேலே ஏறியது.

கடைசியில்தான் மாமா கேப்டனைச் சாப்பாட்டுக்குக் கூட்டி வந்தார். அம்மா பசித்தவனிடம் கடுமையாக இருக்கமாட்டார் என்பது அவருக்குத் தெரியும். தாடிக்காரன் சாப்பிட்டான், சத்தியம் செய்தான், கிண்ணத்தையும் தானே கழுவினான். அவன் போன பிறகு அம்மா கொஞ்ச நேரம் மேசையைத் துடைத்துக்கொண்டே இருந்தார். துடைப்பதற்கு அதில் ஒன்றும் இருக்கவில்லை.

“கிட்ட வந்திட்டாங்கள் எண்டாலும்? பிடிச்சிட்டாங்கள் எண்டாலும்?”

“விசில் ஊதினா விட்டிடோணும் அக்கா. கையை எடுத்திட்டுத் தள்ளி நிக்கோணும். அதுதான் சட்டம்.”

“ஆர் ஊதுறது?”

“ஒரு அம்பயர் இருக்கிறார். வெள்ளை உடுப்பு.”

“சுடுற துவக்கு கிவக்கு ஒண்டுமில்லை, வெறும் விசில்தானே?”

“வெறும் விசில்தான்.”

அம்மா எழுந்து போய் மஞ்சள் அரைத்தார். உப்பும் புளியும் சேர்த்து அடுப்பில் வைத்துக் கிளறி, பொறுக்கக்கூடிய சூட்டில் மாமாவின் வலது கணுக்காலில் பத்துப் போட்டுத் துணியால் கட்டினார். அதோடு, நகரத்துக்கு வெளியே பேசின் என்ற ஊரில் உள்ள கோயில் பிள்ளையாருக்கு ஒரு நேர்த்தியும் வைத்தார். தம்பி தன் காலால் நடந்து மைதானத்தை விட்டு வெளியே வந்தால், அன்று மாலையே மோதகம் கொண்டுவந்து படைப்பேன் என்று.

மாமா கட்டைப் பார்த்தார். பிறகு மற்றக் காலையும் நீட்டி, “இதுக்கும் போடுங்கோ அக்கா,” என்றார்.

“உந்தக் காலும் நோகுதோ மாமா?” என்று கேட்டேன்.

“இன்னும் இல்லை,” என்றார்.

நொந்த கால் எது என்று தெரிந்தால் எதிரணி அதற்கே குறிவைக்கும். மஞ்சள் எப்படியும் காலுறைக்கு மேலால் தெரியப் போகிறது, இரண்டிலும் தெரியட்டும் என்பதுதான் அவருடைய யோசனை. எனக்கு அது விளங்க நாளாகியது. அம்மாவுக்கு உடனே விளங்கியிருக்க வேண்டும். சிரிக்காமல் இருக்க உதட்டைக் கடித்துக்கொண்டு இடது காலில் முன்னதை விடத் தடிப்பாகப் பூசினார்.

சனிக்கிழமை விடியவே மோதகம் தயாரானது. வறுத்த பயறு, தேங்காய்ப்பூ, சர்க்கரை. வீடே மணத்தது. நான் மூடியைத் தூக்கி மூக்கை வைத்ததுதான் தாமதம், முதுகில் ஒன்று விழுந்தது. “சாமிக்குப் படைக்க முன்னம் மணந்தும் பார்க்கக்கூடாது!” மணந்து பார்த்த ஒன்றை அப்பாவுக்குத் தள்ளிவிட்டு, அதற்குப் பதிலாகப் புதிதாக ஒன்று பிடித்து வைத்தார். அவ்வளவு கண்டிப்பு.

மைதானத்தைச் சுற்றிக் கார்களை வேலியோடு ஒட்டி நிறுத்தியிருந்தார்கள். கோல் விழுந்தால் ஹோன் அடிப்பது அங்கே வழக்கம். அப்பாவுக்கு அந்த வழக்கம் மிகவும் பிடித்துப் போனது. எந்த அணி போட்டாலும் அடித்தார். “கோல் எண்டா கோல்தானே,” என்றார். பக்கத்துக் காரில் இருந்தவர் முதலில் முறைத்தார், பிறகு தேநீர் ஊற்றித் தந்தார். அம்மா கோயிலுக்கு உடுத்த சேலைக்கு மேல் குளிருக்கு அப்பாவின் ஜாக்கெட்டைப் போட்டு, மோதகப் பெட்டியை மடியில் வைத்து, காருக்குள் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். பந்தைப் பார்க்கவே இல்லை. வெள்ளை உடுப்பு போட்ட அந்த மெல்லிய மனிதரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். மைதானத்தில் எல்லாரும் திட்டியதும் அவரைத்தான். கண் தெரியாதா, வீட்டில் கண்ணாடியை விட்டுவிட்டு வந்தாயா என்று இரண்டு பக்கத்தாரும் ஒற்றுமையாகத் திட்டினார்கள்.

மாமா இரண்டு கணுக்காலும் மஞ்சளாக ஓடினார். எதிரணிக்காரர் அவருடைய கால்களை மாறி மாறிப் பார்த்ததை நானே கண்டேன். கடைசிக் கால்மணி நேரத்தில் பந்து அவர் கைக்கு வந்தது. எங்கள் பக்கத்து வேலியோரமாக, பந்தைச் சேற்றில் ஒருதரம் தட்டி எடுத்துக்கொண்டு பறந்தார். பின்னால் மூன்று பெரிய ஆட்கள். நான் காரை விட்டுக் குதித்து வேலியில் ஏறி, “ஓடுங்கோ மாமா, ஓடுங்கோ!” என்று கத்தினேன். அம்மா எப்போது இறங்கி வந்தார் என்று தெரியாது. பின்னாலிருந்து என் வாயைப் பொத்தினார். அந்தக் கை ஐஸ் போல இருந்தது.

எங்களுக்கு நேரே மாமாவின் வலது கால் மடிந்தது. ஒருவன் கழுத்தோடு சேர்த்து அவரை வளைத்துப் பிடித்தான், மற்ற இருவரும் மேலே வந்தார்கள்.

விசில் ஊதியது.

மூவரும் நின்றார்கள். பிடித்தவன் கையை எடுத்தான், இரண்டு அடி பின்னுக்குப் போனான். பிறகு திரும்பி வந்து அதே கையை நீட்டினான். மாமா அதைப் பிடித்து எழுந்தார். அவன் மாமாவின் தலையில் இருந்த புல்லைத் தட்டிவிட்டு எதையோ சொன்னான், இருவரும் சிரித்தார்கள். என் வாயிலிருந்த அம்மாவின் கை மெல்லக் கழன்றது.

கழுத்தில் பிடித்ததற்காக அம்பயர் மாமாவுக்கு ஒரு உதை கொடுத்தார், மாமா அதைக் கோல் கம்பத்தில் அடித்தார். நாங்கள் தோற்றோம். அப்பா அதற்கும் ஹோன் அடித்தார். மாமா தாடிக்காரனின் தோளைக்கூடப் பிடிக்காமல், நொண்டி நொண்டி, தன் காலாலேயே வெளியே வந்து, “பார்த்தீங்களோ அக்கா?” என்றார். முகம் முழுக்கச் சேறும் பல்லும்.

“பார்த்தன்,” என்றார் அம்மா. ஆனால் அவரிடம் நிற்கவில்லை. மோதகப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு, சேலைக்கரை சேற்றில் இழுபட, மைதானத்தின் நடுவை நோக்கி நடந்தார். கடையில் மிச்சக்காசு பிழைத்தால்கூட அந்நியரிடம் கேட்கக் கூச்சப்படுகிறவர். நான் பின்னால் ஓடினேன்.

அம்பயர் தன் பையைக் கட்டிக்கொண்டிருந்தார். அம்மா வேகமாக வருவதைக் கண்டு, இன்னொரு திட்டு வருகிறது என்று நினைத்தாரோ என்னவோ, ஒரு கையை முன்னால் பிடித்தபடி பின்னடைந்தார். விசில் இன்னும் கழுத்தில் ஆடிக்கொண்டிருந்தது. அம்மா அதையே பார்த்துக்கொண்டு பெட்டியின் மூடியைத் திறந்தார்.

“அம்மா, இன்னும் படைக்கேல்லை! அது பிள்ளையாருக்கு!” என்று நான் சேலையைப் பிடித்து இழுத்தேன். மணந்து பார்த்ததற்கே காலையில் அடி வாங்கியவன் நான். எனக்கில்லாத சலுகை, தோற்ற ஆட்டத்தின் அம்பயருக்கு எதற்கு?

அம்மா என்னைத் திரும்பியும் பார்க்கவில்லை. இருந்ததில் பெரியதைத் தேடி எடுத்து, சேறு காய்ந்திருந்த அவருடைய உள்ளங்கையில் இரண்டு கையாலும் வைத்தார்.